மெதுவாகப் பறப்பதே முதல் தகுதி: ஒரு ஃபோம் கிளைடரை வாங்கி, கட்டி, உடைந்ததை ஒட்டிய அனுபவம்

ரேடியோ கன்ட்ரோல் விமானம் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் போனை எடுத்து ஒரு போர் விமானத்தின் படத்தைத்தான் காட்டுவார்கள். ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், இல்லையென்றால் ஏதாவது ஒரு ஜெட். என் அக்கா மகனும் மஸ்டாங்தான் காட்டினான்.

"மாமா, இது 1.2 மீட்டர்தானுங்க. சின்னதா இருந்தா ஓட்டச் சுளுவா இருக்குமில்லீங்க?"

"சின்னதுதான், கண்ணு, ஓட்டச் சிரமம்" என்று சொல்லிவிட்டு ஒரு தாளை எடுத்தேன். பார்க்க எப்படி இருக்கிறது என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, எவ்வளவு எடையை எவ்வளவு இறக்கை தூக்குகிறது என்று மட்டும் கணக்குப் போடலாம் என்றேன். இன்ஜினியரிங் படிக்கிற பையன், கணக்கென்றால் உட்கார்ந்துவிடுவான்.

அவன் காட்டின மாதிரியான, இறக்கை நுனிக்கு நுனி 1.2 மீட்டர் உள்ள போர் விமான மாடல் பேட்டரியோடு சேர்த்து ஏறக்குறைய 1300 கிராம் வரும். இறக்கைப் பரப்பு 22 சதுர டெசிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர டெசிமீட்டர் இறக்கை 59 கிராமைச் சுமக்கிறது. நான் மனதில் வைத்திருந்தது, மோட்டாரில் ஏறி, அதை அணைத்த பிறகும் மிதக்கிற 1.4 மீட்டர் ஃபோம் கிளைடர். அதற்கு 700 கிராம் எடை, 24 சதுர டெசிமீட்டர் பரப்பு. அங்கே சுமை 29 கிராம்தான், அதாவது பாதி. எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் தொப்பென்று விழுகிறதோ, அதை ஸ்டால் வேகம் என்கிறோம். அது இந்தச் சுமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். போட்டுப் பார்த்தால் கிளைடருக்கு மணிக்கு 25 கிலோமீட்டர் சொச்சம், போர் விமானத்துக்கு 36 வருகிறது. ஸ்டால் வேகத்தை ஒட்டியே யாரும் ஓட்ட மாட்டார்கள். மேலே கொஞ்சம் இடம் வேண்டும். ஆக கிளைடர் 33 வாக்கில் பறக்கும், மஸ்டாங் 50க்குக் குறையாது. வினாடிக் கணக்கில் சொன்னால், ஒன்று 9 மீட்டர் நகர்கிறது, மற்றது 14 மீட்டர்.

புதிதாக ரிமோட்டின் ஸ்டிக்கைப் பிடிக்கிறவனுக்கு, விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று முடிவெடுக்கவே இரண்டு வினாடி ஆகும். அந்த இரண்டு வினாடியில் மஸ்டாங் 28 மீட்டர் போய்விடும், அதுவும் சாய்ந்தபடியே. கிளைடர் 18 மீட்டர் போயிருக்கும், அதற்குள் பாதி தானாகவே நிமிர்ந்தும் இருக்கும். கற்றுக்கொள்கிறவனுக்கு விமானம் கொடுக்க வேண்டியது நேரம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால்தான் ட்ரெய்னர், அதாவது கற்றுக்கொள்வதற்கான விமானம் என்றால் ஃபோம் கிளைடர் என்று நான் பிடிவாதமாக நிற்கிறேன்.

கிளைடர் என்று முடிவானதும் அதில் எது என்ற கேள்வி வரும். ஜெர்மனியின் மல்டிப்ளெக்ஸ் நிறுவனம் ஈஸிஸ்டார் என்று ஒன்றை இருபது ஆண்டுகளுக்கு முன்பே கொண்டுவந்தது. மோட்டார் மூக்கில் இல்லாமல், இறக்கைக்குப் பின்னால் முதுகில் உயர்த்தி வைத்த அமைப்பு. அதே அமைப்பில் பிக்ஸ்லர் போன்றவை பின்னால் வந்தன. இந்த அமைப்பின் அருமை முதல் மாதத்தில் தெரியும். புதியவர் மூக்கைத்தான் தரையில் குத்துவார். மூக்கில் வெறும் ஃபோம்தான் இருக்கிறது. மோட்டார் ஷாஃப்ட் வளைவதில்லை, ப்ரொப்பெல்லர் உடைவதில்லை. புல்லில் வயிற்றால் சறுக்கி இறங்கும்போதும் ப்ரொப்பெல்லர் மேலே பத்திரமாக இருக்கும்.

இன்னொரு வகை இரண்டு மீட்டர் கிளைடர்கள். ரேடியன், ஃபீனிக்ஸ் 2000 போன்றவை. மூக்கில் மோட்டார், காற்றில் மடிந்துகொள்ளும் ப்ரொப்பெல்லர். ரேடியனில் ஏலரான், அதாவது விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசைகிற தகடு, கிடையாது. திருப்புவதற்கு ரட்டர், மூக்கை ஏற்றி இறக்க எலிவேட்டர், மோட்டார் வேகத்துக்கு த்ராட்டில், மூன்றுதான். மிதப்பதில் இவைதான் மேல், அதில் சந்தேகமே இல்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் தானே கற்றுக்கொள்கிறவர், பெரிய மைதானம் கையில் இருந்தால், ரேடியன் மாதிரி மூன்று சேனல் விமானத்தையே எடுக்கட்டும் என்பேன். அது தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்வது போல வேறெதுவும் நிமிர்த்திக்கொள்ளாது. ஆனால் இறங்கும்போது ஒரு பக்க இறக்கைநுனி புல்லில் மாட்டினால், நீளமான இறக்கை உடம்பையே முறுக்கிவிடும். எங்களுக்கு நான் பக்கத்தில் நிற்கிற வசதி இருந்தது. பைக்கில் கொண்டுபோக வேண்டிய கட்டாயமும் இருந்தது. 1.4 மீட்டர் இறக்கை இரண்டாகப் பிரிந்து 70 சென்டிமீட்டர் ஆகிவிடும். அதையே எடுத்தோம்.

ஃபோம் எல்லாம் ஒன்றல்ல. மேடை அலங்காரத்துக்கு வெட்டுகிற வெள்ளைத் தெர்மாகோல் ஈபிஎஸ் வகை. அடிபட்டால் பொட்டென்று உடையும். ஃபெவிக்விக் பட்டால் கரைந்து குழி விழும். ஈபிபி வகை, ரப்பர் மாதிரி வளைந்து திரும்பும், உடைப்பது கடினம், ஆனால் தொளதொளவென்று இருப்பதால் உள்ளே நிறைய கார்பன் குச்சி வைத்தாக வேண்டும். ஈபிஓ இரண்டுக்கும் நடுவே. விறைப்பும் உண்டு, கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கவும் செய்யும், ஃபெவிக்விக் நேரடியாகவே பிடிக்கும். மல்டிப்ளெக்ஸ் தன்னுடையதை எலப்போர் என்ற பெயரில் விற்கிறது. ட்ரெய்னருக்கு ஈபிஓ வகைதான் என் தேர்வு. காரணம் கீழே, உடைந்த கதையில் வருகிறது.

நாங்கள் வாங்கியது பழைய விமானம். எலெக்ட்ரானிக்ஸ் இல்லாத உடம்பும் இறக்கையும் மட்டும். பழையது வாங்குவதில் தவறே இல்லை, பார்த்து வாங்க வேண்டும். முதலில் இறக்கையைப் பின்விளிம்பு கண்ணுக்கு நேரே வரும்படி பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நுனி வரை பார்க்க வேண்டும். முறுக்கு இருந்தால் தெரிந்துவிடும். வலது நுனி கொஞ்சம் மேலே திரும்பியிருந்தது. இது ஃபோம் விமானங்களில் சகஜம், வெயிலில் காருக்குள் வைத்தால் ஆகிவிடும். ஹேர் ட்ரையரால் அந்த இடத்தைச் சூடாக்கி, எதிர்ப்பக்கம் தேவைக்கு மேல் லேசாகத் திருப்பிப் பிடித்து, ஆறும் வரை விடாமல் இருந்தால் நேராகிவிடும். அவசரப்பட்டு ஆறுவதற்கு முன் விட்டால் பழைய நிலைக்கே போகும். பிறகு ஏலரான், எலிவேட்டர் கீல்கள். இந்த விமானங்களில் கீல் என்பது மெல்லிய ஃபோம்தான். பல தடவை மடிந்து வெடித்திருந்தால் மேலே ஒரு டேப் ஒட்டிக்கொள்ளலாம். கடைசியாக இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே ஓடுகிற கார்பன் குழாய். அதை லேசாக முறுக்கிப் பார்த்தபோது 'நறநற' சத்தம் வரவில்லை. வந்திருந்தால் குழாயை மாற்றாமல் பறக்கவிடக் கூடாது, காற்றில் இறக்கை மடிந்துவிடும்.

உள்ளே வைத்தவை: ஏலரான் போன்ற தகடுகளை அசைக்கிற 9 கிராம் சர்வோக்கள் நான்கு, ஒரு பிரஷ்லெஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற 30 ஆம்பியர் ஈஎஸ்சி, ஆறு சேனல் ரிசீவர், மூன்று செல் (3எஸ்) 2200 எம்ஏஎச் லைப்போ பேட்டரி. பேட்டரிக் கணக்கை மருமகனையே போடச் சொன்னேன். முழுக் கொள்ளளவையும் தொடாமல் முக்கால் பங்கு, அதாவது 1650 எம்ஏஎச். மோட்டார் ஏறும்போது 15 ஆம்பியர் இழுத்தால் ஆறரை நிமிடம். ஒரு ஏற்றத்துக்கு 20 வினாடி என்றால் ஏறக்குறைய இருபது தடவை ஏறலாம். ஒவ்வொரு தடவையும் மோட்டாரை அணைத்து ஒன்றரை நிமிடம் மிதந்தால் மொத்தம் அரை மணி நேரத்துக்கு மேல். இதே பேட்டரியை மஸ்டாங்கில் போட்டால் ஏழெட்டு நிமிடத்தில் இறக்க வேண்டியதுதான். கற்றுக்கொள்கிறவனுக்கு ஒரே சார்ஜில் அரை மணி நேரம் ஸ்டிக் கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ஈர்ப்பு மையத்தில் நான் சமாதானம் செய்துகொள்வதே இல்லை. மேனுவலில் உள்ள அளவு கிடைத்தால் அதையே வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே. இரண்டு பக்கமும் அந்த இடத்தில் சின்ன டேப் ஒட்டி, இரண்டு விரல் நுனியில் விமானத்தைத் தாங்கினோம். வால் தொங்கியது. பேட்டரியை மூக்கு வரை தள்ளியும் போதவில்லை. தூண்டில் ஈயம் கொஞ்சம் மூக்குக்குள் வைத்த பிறகுதான் மூக்கு ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றது. மூக்கு கனத்த விமானம் சரியாகப் பறக்காது, வால் கனத்த விமானம் ஒரே தடவைதான் பறக்கும் என்று இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வேலை, வண்ணம். முழு வெள்ளை விமானம் மேகத்தின் முன்னால் கண்ணுக்குத் தெரியாது. இடது இறக்கையின் அடியில் மட்டும் அகலமான சிவப்பு டேப் மூன்று பட்டையாக ஒட்டினோம். கறுப்பு டேப் இதைவிடப் பளிச்சென்று தெரியும், ஆனால் நம் வெயிலில் சூட்டை இழுத்து அடியில் இருக்கிற ஃபோமைக் கொப்புளிக்க வைத்துவிடும்.

ட்ரான்ஸ்மிட்டரில், அதாவது கையில் பிடிக்கிற ரிமோட்டில், ஏலரான், எலிவேட்டர் இரண்டுக்கும் அசைவை அறுபது சதவீதமாகக் குறைத்தேன். பின்னால் நின்றுகொண்டு ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது ஏலரான் மேலே எழ வேண்டும். இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். இதை ஒவ்வொரு தடவையும் எறிவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிற பழக்கத்தை ஏற்படுத்தினேன். சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்துகிற ஃபெயில்சேஃபையும் தரையிலேயே சோதித்தோம். விமானத்தை ஒருவர் கெட்டியாகப் பிடித்திருக்க, மோட்டாரை லேசாக ஓடவிட்டு, ட்ரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் அதைச் சரிசெய்யும் வரை பறப்பு கிடையாது.

இடையில் அவனை சும்மா விடவில்லை. பிக்காசிம் என்கிற இலவச சிமுலேட்டரில் கிளைடர் ஓட்டச் சொன்னேன். அதில் முக்கியமாக ஒன்று பழக வேண்டும்: விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரிவது. அதற்கு நான் சொல்லிக்கொடுக்கிற ஒரே சூத்திரம், 'தாழ்கிற இறக்கைக்கு முட்டுக் கொடு'. நம்மை நோக்கி வருகிற விமானத்தில் எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளினால் அது எழும்பிவிடும். யோசிக்கவே வேண்டாம்.

இடம் காங்கயம் பக்கம் எங்கள் உறவினர் ஒருவருடைய கொறங்காடு. கொழுக்கட்டைப் புல் விரிந்து கிடக்கிற மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரம். புல் இறங்குவதற்கு மெத்தை. மாடு மேய்கிற பக்கம் பறக்கக் கூடாது, உள்ளே போனதும் படலைச் சாத்த வேண்டும் என்பது நிலக்காரர் போட்ட நிபந்தனை. நியாயமான நிபந்தனை. சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2021 ட்ரோன் விதிகளில் பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் ஓட்டுகிற, 25 கிலோவுக்கு மேற்படாத மாடல் விமானங்களுக்கென்று தனி வகை உண்டு. பறக்கிற இடம் முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலமா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் முதலில் பார்த்துவிட வேண்டும். பச்சை மண்டலத்தில் அதிகபட்சம் 400 அடி வரை. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்த இடத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

எந்த இடம் என்பதைவிட எந்த மாதம் என்பது எங்கள் பக்கம் முக்கியம். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்று, காற்றாலைகளுக்கு நல்லது, 33 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற கிளைடருக்கு ஆகாது. 30 கிலோமீட்டர் காற்றில் எதிர்த்துப் போனால் அது ஒரே இடத்தில் நிற்கும். திருப்பினால் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். தை, மாசியில் காலை வேளை கிழக்கிலிருந்து லேசாகத்தான் வரும். வேலியோரத்தில் புல் நுனி அசைகிற அளவுக்கு மேல் காற்று இருந்தால் பெட்டியைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

முதலில் மோட்டார் இல்லாமல் கையெறி. காற்றுக்கு எதிராக, தோள் உயரத்திலிருந்து, மூக்கு அடிவானத்துக்குச் சற்றுக் கீழே பார்க்க, ஈட்டி எறிகிற மாதிரி நேராக விட வேண்டும். பதினைந்து மீட்டருக்குக் குறையாமல் நேராகப் போய் வயிற்றால் இறங்கினால் எல்லாம் சரி. மூக்கைத் தூக்கி, நின்று, விழுந்தால் வால் கனம். ஒரு பக்கமே வளைந்தால் ட்ரிம் (ஸ்டிக்கின் நடுநிலையை ட்ரான்ஸ்மிட்டரில் துளி நகர்த்தி வைப்பது) சரியில்லை, அல்லது இறக்கையில் முறுக்கு. எங்களுடையது லேசாக இடது பக்கம் இழுத்தது. இரண்டு சொடுக்கு ட்ரிம்மில் சரியானது.

மோட்டாரோடு எறியும்போது இந்த வகை விமானத்தில் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மோட்டார் உயரத்தில் இருப்பதால் முழு த்ராட்டில் கொடுத்தால் மூக்கைக் கீழே தள்ளும். அதனால் மூன்றில் இரண்டு பங்கு த்ராட்டில், எறிந்ததும் எலிவேட்டரைத் துளி இழுப்பது. விமானத்தை இறக்கைக்குக் கீழே வயிற்றில் பிடிக்க வேண்டும், விரல் பின்னால் ப்ரொப்பெல்லர் பக்கம் போகவே கூடாது. நான் ஏற்றிக் கொடுத்து, அறுபது எழுபது மீட்டர் உயரம் போனதும் மோட்டாரை அணைத்துவிட்டு ட்ரான்ஸ்மிட்டரை அவன் கையில் கொடுத்தேன்.

"ஒண்ணுமே பண்ணலைன்னாலும் பறக்குதுங்க மாமா!"

அதைத்தான் அவன் முதலில் பார்க்க வேண்டியிருந்தது. இறக்கைகள் இரண்டும் மேல்நோக்கி விரிந்திருப்பதால், ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கினால் தாழ்ந்த இறக்கைக்குக் கூடுதல் தூக்கு கிடைத்து நிமிர்ந்துவிடும். ஸ்டிக்கை விட்டால் சரியாகும் என்ற நம்பிக்கை வந்ததும் கை இறுக்கம் போய்விடுகிறது. பிறகு உயரத்தில் வேண்டுமென்றே ஸ்டால் செய்யச் சொன்னேன். எலிவேட்டரை இழுத்துக்கொண்டே இருந்தால் தலையாட்டும், மூக்கு விழும், விட்டதும் வேகம் பிடித்து மறுபடி பறக்கும். உயரத்தில் இதைப் பார்த்தவன்தான் தாழ்வில் பயப்படாமல் எலிவேட்டரை விடுவான்.

உடைந்தது அதற்குப் பின்னால் ஒரு நாள், காற்று கொஞ்சம் எழுந்த நேரத்தில். காற்றோடு சேர்ந்து போகும்போது தரையை வைத்துப் பார்த்தால் விமானம் வேகமாகப் போகிற மாதிரி தெரியும். அவன் வேகம் அதிகம் என்று நினைத்துத் தாழ்வில் திரும்பும்போது எலிவேட்டரை இழுத்தான். இறக்கைக்கு வேண்டியது காற்றை எதிர்கொள்கிற வேகம், அது குறைந்துவிட்டது. ஒரு பக்க இறக்கை விழுந்து, மூக்கு நேராகத் தரையில் குத்தியது. இறக்கைக்கு முன்னால் உடம்பு இரண்டாக ஒடிந்து, மூக்கு நுனி ஒரு விரல் நீளம் உள்வாங்கிச் சப்பையாகிப் போயிருந்தது. பையன் முகம் வாடிவிட்டது. ஒட்டினால் சரியாகிவிடும் கண்ணு, இதற்குத்தான் இந்த ஃபோம் என்று கூட்டிவந்தேன்.

முதல் வேலை பேட்டரி. உருவி எடுத்து, வீட்டுக்கு வெளியே சிமென்ட் தரையில் தனியாக வைத்துக் கொஞ்ச நேரம் கவனித்தோம். உப்பவில்லை, மூலை நசுங்கவில்லை. நசுங்கியிருந்தால் மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

அடுத்து, சப்பையான மூக்கு. கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நசுங்கிய இடத்தில் மெதுவாக ஊற்றினேன். ஈபிஓ சின்னச் சின்ன மணிகள் சேர்ந்த பொருள். ஒவ்வொரு மணிக்குள்ளும் காற்று இருக்கிறது. சூடு பட்டதும் அந்தக் காற்று விரிந்து, அமுங்கிய மணிகள் கண்ணெதிரே உப்பி எழும். ஒரே இடத்தில் நிறைய ஊற்றினால் அளவுக்கு மேல் பருத்து, மேல்தோல் தோசைக்கல் மாதிரி சொரசொரப்பாகிவிடும். ஊற்றி, பார்த்து, மறுபடி ஊற்ற வேண்டும். மூக்கு பழைய நீளத்துக்கு ஏறக்குறைய வந்துவிட்டது.

நன்றாகக் காய்ந்த பிறகு ஒடிந்த இரண்டு துண்டுகளையும் பசையில்லாமல் பொருத்திப் பார்த்தோம். உடைந்த முகத்தின் மேடு பள்ளம் ஒன்றுக்குள் ஒன்று சரியாக உட்காரும், அந்த விளிம்புகளைத் தேய்த்துச் சமன் செய்யவே கூடாது. ஒரு முகத்தில் ஃபெவிக்விக், மறு முகத்தில் ஈரத்துணியால் லேசாக ஒற்றிய ஈரம். ஈரம் பட்டால் சீக்கிரம் பிடிக்கும். சேர்த்து, மேலிருந்து பார்த்து நேராக இருக்கிறதா என்று உறுதி செய்து, அழுத்திப் பிடித்தோம். பிறகு இரு பக்கமும் ஒட்டுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு மூங்கில் குச்சி குத்தி, பசை விட்டு, நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கினோம். வெளியே நார் ஓடுகிற பேக்கிங் டேப் ஒரு சுற்று. முழு உடம்பையும் டேப்பால் சுற்றுகிறவர்கள் உண்டு. எடை ஏறும், அடுத்த உடைப்பு டேப் முடிகிற இடத்தில் வரும்.

சர்வோக்களைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பார்த்தோம். எலிவேட்டர் சர்வோ ஓரிடத்தில் தட்டியது, உள்ளே ஒரு பல் போயிருந்தது. அதை மாற்றினோம். பசையும் டேப்பும் மூக்கில் எடை கூட்டியதால் ஈர்ப்பு மையத்தை மறுபடி பார்த்து, ஈயத்தில் ஒரு பகுதியை வெளியே எடுத்தோம். மறுநாள் காலை கையெறியிலிருந்து மறுபடி தொடங்கினோம்.

இப்போது அவனே எறிந்து, ஏற்றி, இறக்குகிறான். ஏலரான் அசைவை எண்பது சதவீதமாக ஏற்றியிருக்கிறேன். பத்து மணிக்கு மேல் பருந்துகள் ஒரே இடத்தில் சிறகடிக்காமல் வட்டமிட ஆரம்பித்தால் அந்த இடத்தைத் தேடிப் போகச் சொல்கிறேன். அங்கே வெப்பக்காற்று எழும்புகிறது. மோட்டார் இல்லாமல் அதற்குள் மூன்று முழு வட்டம் உயரம் இழக்காமல் சுற்றிவிட்டால், அடுத்தது இரண்டு மீட்டர் ரேடியன் என்று பேச்சு. மஸ்டாங் படம் இன்னும் அவன் போனில் இருக்கிறது. அதற்குமுன் இறக்கை உடம்பின் அடியில் இருக்கிற தாழ்இறக்கை விமானம் ஒன்றில் ஒரு சீசன் ஓட்டியாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.